தொற்றை முந்தும் மருந்து

பெரியம்மை கண்டு சென்னைத் தொற்றுநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களோடு நெருங்கிப் பழகியிருந்த 1,101 பேருக்கு, மெத்திசசோன் என்ற புதிய வேதிச் சேர்மம் வாய்வழியே கொடுக்கப்பட்டது. அவர்களில் மூவருக்கு மட்டுமே அம்மை போட்டது, அதுவும் இலேசாக. அந்த மருந்தைப் பெறாத 1,126 பேரிலோ 78 பேர் நோயில் விழுந்தனர், 12 பேர் இறந்தனர். லண்டன் வெல்கம் ஆய்வகத்தின் டி. ஜே. பாவர், அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்பே, லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஆலன் டவுனி, இவர்களோடு எல். செயின்ட் வின்சென்ட் ஆகிய நால்வர் பெயரில் 1963 செப்டம்பரில் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த இந்த முடிவு, விழுங்கும் மருந்தொன்று வைரஸ் நோயை மனித உடலில் முளையிலேயே தடுக்கக்கூடும் என்பதற்குப் பெருந்தொகையானோரிடம் கிடைத்த முதல் சான்றுகளுள் ஒன்றாகும். வைரஸுக்கு மருந்தே கிடையாது, தடுப்பூசி மட்டுமே உண்டு என்று மருத்துவ உலகம் ஏறத்தாழ முடிவுகட்டியிருந்த காலம் அது.

பெரியம்மை தோலில் வெளிப்பட்ட நோயாகவே நினைவில் நிற்கிறது என்றாலும், அதன் வைரஸ் பெரும்பாலும் உடலுக்குள் நுழைந்தது மூச்சுக்காற்றின் வழியேதான். நோயாளியின் வாய், தொண்டைப் புண்களிலிருந்து தெறித்த நுண்துளிகளை அருகிலிருந்தவர் உள்ளிழுத்தபோது அது மூக்கு, தொண்டையின் உட்சவ்வில் குடியேறி, அங்கிருந்து நிணநீர்க் கணுக்களுக்குச் சென்று பெருகி, ஏறத்தாழ 12 நாட்களுக்குப் பின்னரே காய்ச்சலாகத் தலைகாட்டியது. தொற்றியதற்கும் நோய் தெரிவதற்கும் இடைப்பட்ட இந்த நோயரும்பு காலமே சென்னை ஆய்வாளர்களுக்குக் கிடைத்த பெரும் வாய்ப்பு. இன்ஃபுளுயன்சா, கொரோனா போன்ற இன்றைய சுவாச வைரஸ்களை எதிர்த்து மருந்து செய்ய முனைவோருக்குக் கிடைக்காமல் போனதும் அதுவே. ஒரு வைரஸ் எதிர்ப்பு மருந்தின் பயன் அதன் மூலக்கூறு அமைப்பைப் பொறுத்தது போலவே, அது எத்தனையாவது நாளில் உடலை எட்டுகிறது என்பதையும் பொறுத்தது. கடந்த அறுபது ஆண்டு ஆய்வு வரலாற்றில் இந்த இரண்டாவது கூறுக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை.

மெத்திசசோனின் பிறப்புக் கதை சுற்றுவழியானது. 1940களில் ஜெர்மானிய நுண்ணுயிரியலறிஞர் கெர்ஹார்ட் டோமாக் காசநோய்க்கு மருந்து தேடியபோது, கந்தகமும் நைட்ரஜனும் கலந்த தையோசெமிகார்பசோன் என்னும் சேர்மக் குடும்பம் காசநோய்க் கிருமியை அடக்குவதைக் கண்டார். அக்குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பொருள், அம்மைத் தடுப்பூசிக்குப் பயன்படும் வாக்சினியா வைரஸையும் எலிகளிடத்தில் தடுக்கிறது என்பது 1950இல் அமெரிக்க ஆய்வாளர்களுக்குத் தெரியவந்தது. அதன் பின் அந்தக் குடும்பத்தின் வால்பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு தலைப்பகுதியை மாற்றி மாற்றிப் பார்த்தபோது, ஐசாட்டின் என்ற பொருளைத் தலையாகப் பொருத்திய வடிவம் மற்றவற்றை விஞ்சியது. ஐசாட்டினில் ஒரு மெத்தில் தொகுதியைக் கூட்டி வெல்கம் ஆய்வகம் உருவாக்கியதே மெத்திசசோன்.

இந்த ஐசாட்டின் 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில், எர்ட்மான், லோரான் என்ற இரு ஐரோப்பிய வேதியியலர்களால் நீலச்சாயத்தை நைட்ரிக் அமிலம் முதலியவற்றால் சிதைத்து முதன்முதலாகப் பெறப்பட்டது. நீலச்சாயமோ அவுரிச் செடியின் இலையை ஊறவைத்து எடுக்கப்படுவது. நெசவும் சாயமும் அறிந்த, விருதுநகர் மாவட்டத்து அருப்புக்கோட்டை வட்டாரத்துக்கு அயலான பொருளன்று. மருந்துக்கான ஐசாட்டின் தொழிற்சாலையில் அனிலினிலிருந்து செய்யப்பட்டதே தவிர அவுரியிலிருந்து எடுக்கப்பட்டதன்று என்பதால் இந்த உறவைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. ஆயினும் பெரியம்மைக்கு எதிரான முதல் மருந்தின் வேதியியல் வம்சாவளி கரிசல் நிலத்திலும் முளைக்கும் ஒரு செடியில் போய் முடிகிறது என்பது குறித்துவைக்கத் தக்கதே.

மெத்திசசோன் வைரஸ் செல்லுக்குள் நுழைவதைத் தடுக்கவில்லை. நுழைந்த வைரஸ் தன் மரபுப்பொருளைப் படியெடுப்பதையும் பெரிதாகத் தடுக்கவில்லை. படியெடுப்புக்குப் பின், புதிய வைரஸ் துகள்களுக்கான புரதங்கள் செய்யப்பட்டு அவை ஒன்றுகூடும் இறுதிக் கட்டத்தில் அது குறுக்கிட்டது. முழுமை பெறாத, தொற்றும் திறனற்ற துகள்களே மிஞ்சின. முதல் சுற்றுப் பெருக்கம் நடந்துகொண்டிருக்கும்போதே மருந்து இரத்தத்தில் இருந்தால் அடுத்த சுற்று தடைபடும். கொப்புளம் கிளம்பிவிட்ட பின் கொடுத்தால், உடலெங்கும் பரவி முடித்த வைரஸை அதனால் திரும்பப் பெற முடியாது. சென்னைத் தொற்றுநோய் மருத்துவமனையின் ஏ. ஆர். ராவ், பெரியம்மை பற்றித் தனி நூலே எழுதிய மருத்துவர், 1960களின் பிற்பகுதியில் இதே குடும்ப மருந்துகளை அம்மை போட்ட நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்றே பதிவு செய்தார். ஒரே ஊர், ஒரே மருத்துவமனை, ஒரே மருந்துக் குடும்பம். மாறியது கொடுத்த நாள் மட்டுமே.

1963ஆம் ஆண்டின் முடிவை இன்றைய அளவுகோலால் பார்த்தால் ஐயங்கள் எழாமல் இல்லை. யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பது கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் தெரியாதபடி மறைத்து நடத்தும் முறையே மருந்து ஆய்வில் நம்பகமானது. அவ்வாறு மேற்குப் பாகிஸ்தானில் நடத்தப்பட்டு 1971இல் வெளியான கள ஆய்வில் மெத்திசசோனின் காப்பு, தற்செயலைத் தாண்டியது என்று சொல்லும் அளவுக்கு இல்லை. மருந்து குமட்டலும் வாந்தியும் உண்டாக்கியது வேறு. இதற்குள் நோயாளியைச் சுற்றியுள்ளோரைத் தேடித் தேடி அம்மை குத்தும் முறை வெற்றி பெற்று, 1975இல் இந்தியாவில் பெரியம்மை ஒழிந்ததால், மருந்துக்கு வேலையே இல்லாமல் போயிற்று. சென்னை எண்களில் ஓரளவு மிகை இருக்கலாம். ஆனால் அந்த ஆய்வின் வடிவம், அதாவது நோயாளியை விட்டுவிட்டு அவருடைய வீட்டாரைக் குறிவைத்த அந்த வடிவம், எண்களைவிட நீண்டகாலம் வாழ்ந்தது. அது மீண்டும் எங்கே தோன்றியது என்பது பின்னர் வரும்.

சுவாச வைரஸ்களின் கணக்கு வேறு. இன்ஃபுளுயன்சா தொற்றி ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள், பெரும்பாலும் இரண்டாம் நாளிலேயே காய்ச்சல் தோன்றிவிடுகிறது; அதிலிருந்து ஒன்றிரண்டு நாட்களில் மூக்கிலும் தொண்டையிலும் வைரஸின் எண்ணிக்கை உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்குகிறது. பெரியம்மை உடலுக்குள் ஊடுருவிச் சுற்றிவந்து வெளிப்பட்டது. இன்ஃபுளுயன்சாவோ நுழைந்த வாயிலின் செல்களிலேயே பெருகி அங்கிருந்தே வெளியேறுவதால் அதற்குப் பயணக் காலம் தேவைப்படுவதில்லை. எனவே நோயாளி மருத்துவரிடம் வரும் வேளையில் வைரஸின் வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும். மிஞ்சிய காய்ச்சலும் உடல்வலியும் நோயெதிர்ப்பு மண்டலம் நடத்தும் போரின் விளைவுகள். அந்த நிலையில் வைரஸின் பெருக்கத்தைத் தடுக்கும் மருந்தைக் கொடுப்பது கண்மாய்க் கரை உடைந்த பிறகு மடைப் பலகையை இறக்குவதற்கு ஒப்பானது.

இதை உணர்ந்தே மருந்தியலறிஞர்கள் வைரஸின் வாழ்க்கைச் சுற்றில் முடிந்த அளவு முன்னதாகக் குறுக்கிடும் இடங்களைத் தேடினர். இன்ஃபுளுயன்சா வைரஸ் தன் மேற்பரப்பிலுள்ள ஹீமாக்ளூட்டினின் என்ற புரதத்தால் செல்லின் மேலிருக்கும் சயாலிக் அமிலம் என்ற சர்க்கரையைப் பற்றிக்கொள்கிறது. செல் அதை ஒரு பையாக உள்ளிழுக்கிறது. பைக்குள் அமிலத்தன்மை கூடும்போது வைரஸின் உறை கரைந்து மரபுப்பொருள் வெளியேறுகிறது. செல்லின் கருவுக்குள் அது படியெடுக்கப்படுகிறது. புதிய துகள்கள் செல்லின் மேற்பரப்பில் மொட்டுவிட்டு, அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் பிடியை நியூராமினிடேஸ் என்ற நொதியால் அறுத்துக்கொண்டு வெளியேறுகின்றன. இந்தப் படிகளில் உறை கழலும் படியை, வைரஸின் உறையிலுள்ள எம்2 என்ற நுண்வாயிலை அடைப்பதன் மூலம் தடுத்த அமன்டடின், 1966இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மலிவான, நல்ல மருந்து. ஆனால் அந்த வாயிலின் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால் போதும், மருந்து பயனற்றுவிடும். 2000களின் நடுப்பகுதிக்குள் உலகில் சுற்றிவந்த இன்ஃபுளுயன்சா ஏ வைரஸ்களில் பெரும்பாலானவை அவ்வாறு மாறிவிட்டன. இன்று அமன்டடின் நடுக்குவாத நோய்க்கான மருந்தாகவே பெரிதும் அறியப்படுகிறது.

நியூராமினிடேஸைத் தடுக்கும் வழி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. பீட்டர் கோல்மேன், கிரேம் லேவர் முதலியோர் 1983இல் அந்த நொதியின் முப்பரிமாண அமைப்பை எக்ஸ் கதிர்ப் படிகவியலால் வரைந்தனர். நொதியின் நடுவே சயாலிக் அமிலம் வந்து அமரும் குழி எல்லா இன்ஃபுளுயன்சா வகைகளிலும் மாறாமலிருப்பதைக் கண்டு, அக்குழிக்குள் சர்க்கரையைவிட இறுகப் பொருந்தும் மூலக்கூறை மார்க் வான் இட்ஸ்டைன் குழுவினர் வடிவமைத்து 1993இல் வெளியிட்டனர். சனமிவிர் எனப்படும் அது பொடியாக உறிஞ்சப்பட வேண்டியது. அதே குழிக்குள் பொருந்தக்கூடிய, விழுங்கத்தக்க வடிவத்தை அமெரிக்காவின் கிலியட் நிறுவனம் செய்தது. அதுவே டாமிஃபுளு என்ற பெயரில் விற்பனைக்கு வந்த ஓசெல்டாமிவிர். அதன் தொடக்கப் பொருளான ஷிகிமிக் அமிலம் அன்னாசிப்பூவிலிருந்து எடுக்கப்பட்டது. பிரியாணிக்குப் போடும் அந்த எட்டிதழ் மொக்கு சீனாவின் தென்பகுதியிலும் வியட்நாமிலும் விளைவது. 2005இல் பறவைக் காய்ச்சல் அச்சம் எழுந்தபோது மருந்து உற்பத்தி அதன் அறுவடையை நம்பி நின்றதால், நுண்ணுயிரிகளை வளர்த்து அதே அமிலத்தைப் பெறும் முறையும் பின்னர் கைக்கொள்ளப்பட்டது.

ஓசெல்டாமிவிர் 75 மில்லிகிராம் கேப்சூலாகக் காலையும் மாலையும் ஐந்து நாட்கள், ஆக 10 கேப்சூல்கள், விழுங்க வேண்டும். காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பது நிபந்தனை. அவ்வாறு தொடங்கினாலும் பெரியவர்களுக்கு நோய்க்குறிகள் சராசரியாக 16.8 மணி நேரம் முன்னதாகத் தணிகின்றன என்பதே 2014இல் காக்ரேன் குழு எல்லா ஆய்வுகளையும் திரட்டிக் கண்ட அளவு. ஒரு நாள்கூட இல்லை. இதை வைத்து மருந்தையே எள்ளி நகையாடியவர்கள் உண்டு; ஆனால் அது நோயாளிக்குக் கொடுத்தபோது கிடைத்த கணக்கு. வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டு 48 மணி நேரத்துக்குள் மற்றவர்கள் இதை உட்கொண்டால் அவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு பத்தில் ஒன்பது பங்கு குறைந்ததாக 2001இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. சென்னையில் மெத்திசசோன் காட்டிய அதே வேறுபாடு இங்கும் வெளிப்படுகிறது.

விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி வட்டத்திலுள்ள பேரூராட்சியான மல்லாங்கிணற்றையோ, அதனோடு சேர்ந்த அருப்புக்கோட்டை, திருச்சுழி மானாவாரிச் சீமையின் வேறோர் ஊரையோ வைத்து இந்த 48 மணி நேரத்தை எண்ணிப் பார்க்கலாம். முதல் நாள் மேல்வலியும் சளியும் வேலைக் களைப்பாகவே கொள்ளப்படும். சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவருக்கோ நூற்பாலைக்குப் போகிறவருக்கோ இருமல் புதிதா பழையதா என்று பிரித்தறிவதே கடினம். இரண்டாம் நாள் மருந்துக்கடையில் காய்ச்சல் மாத்திரை வாங்கப்படும். அது கேட்கவில்லை என்றால் மூன்றாம் நாள், அன்றைய கூலியை விட்டுவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஊசி போடும் தனியார் மருத்துவரிடமோ போவார்கள். மருத்துவருக்கு இன்ஃபுளுயன்சா என்ற ஐயம் எழுந்து, தொண்டைச் சளி ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டு, முடிவு வருவதற்குள் ஐந்தாம் நாள் ஆகிவிடும். இதில் யாருடைய அலட்சியமும் இல்லை. மழையையும் தினக்கூலியையும் நம்பி வாழும் ஊரின் இயல்பான ஒழுங்கு அது. விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்ட பிறகு, கடுமையான நோயாளி மதுரைக்கே போகவேண்டிய தேவை குறைந்திருக்கிறது. ஆனால் முதல் இரண்டு நாட்களின் கணக்கை ஒரு மருத்துவக் கல்லூரியால் மாற்ற இயலாது.

சட்டமும் தன் பங்குக்கு நாட்களைக் கூட்டியது. 2009இல் ஹெச்1என்1 பன்றிக்காய்ச்சல் இந்தியாவை எட்டியபோது, மருந்து வீணாகவும் பதுக்கலாகவும் போய்விடும், வைரஸ் பழகிக்கொள்ளும் என்ற நியாயமான அச்சத்தால், ஓசெல்டாமிவிரின் சில்லறை விற்பனை எக்ஸ் அட்டவணை உரிமம் பெற்ற கடைகளுக்கு மட்டுமே அனுமதிக்கப்பட்டது. போதையூட்டும், மனத்தைப் பாதிக்கும் மருந்துகளுக்குரிய அந்த அட்டவணையின்படி மருத்துவர் சீட்டு இரண்டு படிகளாக எழுதப்பட வேண்டும். ஒரு படியைக் கடைக்காரர் இரண்டு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். பெருநகரங்களிலேயே அரிதாக இருந்த அத்தகைய கடையைச் சிற்றூர்க்காரர் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் 48 மணி நேரம் போய்விடும். 2017இல்தான் அது எச்1 அட்டவணைக்கு மாற்றப்பட்டுச் சாதாரண மருந்துக்கடைகளிலும் மருத்துவர் சீட்டுக்குக் கிடைக்கலாயிற்று. சிப்லா, ஹெட்டிரோ போன்ற இந்திய நிறுவனங்கள் அதை மலிவாகச் செய்யத் தொடங்கி அதற்குள் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. மருந்து தயார், விலையும் எட்டக்கூடியது. கடைசி மைலில் மட்டும் அது தாமதித்தது.

கொரோனா காலம் இந்தப் படிப்பினையைப் பெரிய அளவில் மீண்டும் நடத்திக் காட்டியது. 2020 மார்ச்சில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவப் பணியாளர்களும் நோயுற்றவரின் வீட்டாரும் தடுப்பாக ஹைட்ராக்சிகுளோரோகுயின் உட்கொள்ளலாம் என்று பரிந்துரைத்தது. வீட்டாரைக் குறிவைத்த அந்த அணுகுமுறை சரியானதே. தவறியது மருந்துத் தேர்வு. அந்த மருந்து வைரஸைத் தடுக்கிறது என்று காட்டிய ஆய்வுக்கூடச் சோதனைகள் பெரிதும் வெரோ என்ற ஆப்பிரிக்கக் குரங்கின் சிறுநீரகச் செல்களில் நடந்தவை. அச்செல்களில் கொரோனா வைரஸ் உள்ளிழுக்கப்பட்ட பையின் அமிலத்தன்மையை நம்பியே உள்நுழைகிறது. அந்த அமிலத்தன்மையைக் குறைக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் அங்கே நுழைவைத் தடுத்தது. மனித நுரையீரல் செல்களிலோ டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற நொதி வைரஸின் முள்ளுப் புரதத்தைச் செல்லின் வாசலிலேயே வெட்டி விடுவதால், அது பைக்குள் போகாமல் நேராகவே நுழைந்துவிடுகிறது. பையின் அமிலத்தன்மை எப்படி இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஜெர்மனியின் மார்க்கஸ் ஹாஃப்மான் குழுவினர் 2020இலேயே இதை வெளியிட்டனர். அமெரிக்காவிலும் கனடாவிலும் நோயாளியோடு தொடர்பு கொண்ட 821 பேரிடம் நடந்த ஆய்வில் மருந்து பெற்றவர்களில் 11.8 விழுக்காட்டினரும் வெற்று மாத்திரை பெற்றவர்களில் 14.3 விழுக்காட்டினரும் நோயுற்றனர்; அந்த வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியதே. சுவாச வைரஸுக்கு மருந்து தேடுவோர் எந்தச் செல்லில் தேடுகிறார்கள் என்பது ஏதோ நுணுக்கம் என்று ஒதுக்கிவிட முடியாத கேள்வியாயிற்று.

ரெம்டெசிவிர் இதற்கு மறுபக்கம். வைரஸ் தன் மரபுப்பொருளைப் படியெடுக்கும்போது உண்மையான கட்டுமான அலகைப் போல இடையில் நுழைந்து படியெடுப்பை நிறுத்தும் இந்த மருந்து, கொரோனா வைரஸைத் தடுப்பதில் ஐயமில்லை. ஆயினும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோரிடம் உலக சுகாதார நிறுவனம் நடத்திய சாலிடாரிட்டி ஆய்வு 2020 அக்டோபரில் இறப்பு குறையவில்லை என்றது. அடுத்த மாதமே அந்நிறுவனம் மருத்துவமனை நோயாளிகளுக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. இது தெரிந்த பிறகுதான், 2021 ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலும், சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் அந்த மருந்துக் குப்பிகளுக்காக நோயாளிகளின் உறவினர்கள் ஆதார் நகலும் மருத்துவர் சீட்டும் ஸ்கேன் முடிவும் கையிலேந்தி இரவெல்லாம் வரிசையில் கிடந்தனர். விற்பனை பின்னர் நேரு விளையாட்டரங்குக்கு மாற்றப்பட்டு, அங்கும் கூட்டம் கட்டுக்கடங்காமல் போய் நிறுத்தப்பட்டு, மருத்துவமனைகளுக்கே நேரடியாக வழங்கும் முறை வந்தது. அந்த வரிசையில் நின்றவர்களின் நோயாளிகள் ஏற்கெனவே மூச்சுத்திணறலில் இருந்தவர்கள், நோயின் இரண்டாவது வாரத்தைத் தொட்டவர்கள். அதே ஆண்டு டிசம்பரில், நோய் தொடங்கி ஏழு நாட்களுக்குள் மருத்துவமனையில் சேராத நிலையிலேயே மூன்று நாட்கள் அம்மருந்து கொடுக்கப்பட்ட ஆய்வின் முடிவு வெளிவந்தது: மருத்துவமனையில் சேர நேர்ந்தவர்கள் 5.3 விழுக்காட்டிலிருந்து 0.7 விழுக்காடாகக் குறைந்தனர். மருந்து அதேதான். வரிசையில் கிடந்தவர்களைப் பழிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. முதல் வாரத்தில் நரம்பு வழியே ஏற்றும் மருந்தை வீட்டிலிருக்கும் நோயாளிக்கு மூன்று நாட்கள் கொடுப்பதற்கு அன்று எந்த ஏற்பாடும் இல்லை.

நாட்டு மருந்துகளின் பக்கமும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட முடியாது. நிலவேம்பு, சுக்கு, திப்பிலி, ஆடாதோடை, சீந்தில் உள்ளிட்ட 15 சரக்குகள் சேர்ந்த கபசுரக் குடிநீரை 2020இல் தமிழ்நாடு அரசு ஊர்தோறும் வழங்கியது. குடித்தவர்களில் பெரும்பாலோர் நோயில்லாத நாளில், முற்காப்பாகக் குடித்தனர். கால நோக்கில் இது சரியான இடத்தில் வைக்கப்பட்ட தலையீடு. சான்று நோக்கில் பலவீனமானது. தொற்றியும் அறிகுறியற்றிருந்த 60 பேரிடம் வைட்டமின் சி, துத்தநாகத்தோடு ஒப்பிட்டுத் தமிழ்நாட்டில் நடந்த ஆய்வு 2021இல் வெளிவந்தது என்றாலும், மறைப்பின்றி 60 பேரிடம் நடந்த ஆய்வால் தொற்றைத் தடுக்குமா என்ற வினாவுக்கு விடை சொல்ல முடியாது. கணினித் திரையில் நிலவேம்பின் ஆண்ட்ரோகிராபோலைடு மூலக்கூறை வைரஸ் புரதத்தில் பொருத்திக் காட்டும் கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் வந்தன. திரையில் பொருந்துவது குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலைக் கடந்து, மூக்கின் சவ்வில் போதிய அளவு சேர்வதற்கு உறுதியாகாது. லட்சக்கணக்கானோருக்கு வழங்கப்பட்ட ஒரு குடிநீரை, ஊர் ஊராகப் பிரித்து முறையாக ஒப்பிட்டுப் பார்க்கும் அரிய வாய்ப்பு கைநழுவியது என்பதே இதில் வருந்தத்தக்கது.

அந்தச் சரக்குகளில் ஆடாதோடைக்கு மட்டும் நவீன மருந்தியலில் ஒரு கிளைக்கதை உண்டு. வேலியோரத்தில் வளர்ந்து ஆடும் மாடும் கடிக்காமல் விடும் அந்தச் செடியிலுள்ள வசிசின் என்ற பொருளைப் பின்பற்றி 1960களில் புரோம்ஹெக்சின் என்ற சளியிளக்கி செய்யப்பட்டது. அதிலிருந்து பிறந்ததே இன்று எந்த மருந்துக்கடையிலும் இருமல் மருந்தில் காணப்படும் அம்புராக்சால். 2014இல் புற்றுநோய் ஆய்வாளர்கள், புரோம்ஹெக்சின் மேற்சொன்ன டிஎம்பிஆர்எஸ்எஸ்2 நொதியைத் தடுப்பதாக எழுதியிருந்தனர். கொரோனா வந்தவுடன் அந்தப் பழைய வரி தோண்டியெடுக்கப்பட்டது: நுரையீரல் செல்லின் வாசல் நொதியை மலிவான இருமல் மருந்து அடைக்குமானால் வேறென்ன வேண்டும்? ஆனால் 2020இல் அந்நொதியைத் தனியே பிரித்தெடுத்துச் சோதித்த ஆய்வகம் அத்தகைய தடுப்பு எதையும் காணவில்லை. அதே நொதியை ஆய்வுக்கூடத்தில் ஐயமின்றித் தடுத்த ஜப்பானிய மருந்தான காமோஸ்டாட்கூட டென்மார்க் மருத்துவமனைகளில் பயன் தரவில்லை. வாசலை அடைக்கும் மருந்தை, உள்ளே நுழைந்து முடித்த வைரஸுக்கு எதிராக மருத்துவமனைக் கட்டிலில் சோதித்ததும் அந்தத் தோல்விக்கு ஒரு காரணமாகலாம்.

சென்னையில் 1963இல் எடுத்த வடிவம் அண்மையில் மீண்டும் தோன்றிய இடம் ஜப்பான். இன்ஃபுளுயன்சா வைரஸ் செல்லின் செய்தி ஆர்என்ஏவின் தொப்பி போன்ற முனையை வெட்டித் திருடித் தன் படியெடுப்பைத் தொடங்குகிறது. அந்த வெட்டும் நொதியைத் தடுக்கும் பலோக்சவிர், ஷியோனோகி நிறுவனத்தின் கண்டுபிடிப்பு, 2018இல் அங்கே ஒப்புதல் பெற்றது. ஒரே வேளை விழுங்கினால் போதும். 2018–19 பருவத்தில் இன்ஃபுளுயன்சா கண்டவர்களின் வீட்டாரில் சுமார் 750 பேரிடம் நடந்த ஆய்வில், மருந்து பெற்றவர்களில் 1.9 விழுக்காட்டினருக்கும் வெற்று மாத்திரை பெற்றவர்களில் 13.6 விழுக்காட்டினருக்கும் காய்ச்சல் வந்தது. இம்முறை மறைப்பும் குலுக்கல் பகிர்வும் முறையாக இருந்தன. 2025இல் வெளியான மற்றொரு ஆய்வு கேள்வியைத் திருப்பிப் போட்டது: நோயாளிக்கு மருந்து கொடுத்தால் வீட்டாருக்குத் தொற்றுவது குறையுமா? குறைந்தது, ஆனால் 13.4 விழுக்காட்டிலிருந்து 9.5க்கு மட்டுமே. நோயாளிக்குக் கொடுப்பதைவிட வீட்டாருக்கு நேரே கொடுப்பதே அதிகம் காக்கிறது என்று இவ்விரண்டையும் அருகருகே வைத்தால் தோன்றுகிறது. வேறு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகள் என்பதால் நேர் ஒப்பீடாக அதைக் கொள்வதற்கில்லை.

கொரோனாவில் இது அவ்வளவு நேராக நடக்கவில்லை. வைரஸின் நீண்ட புரதச் சங்கிலியைத் துண்டாக்கும் நொதியைத் தடுக்கும் நிர்மட்ரெல்விர், நோய் கண்டு மூன்று நாட்களுக்குள் தொடங்கினால் தடுப்பூசி போடாத ஆபத்துள்ளவர்களிடம் மருத்துவமனைச் சேர்க்கையையும் இறப்பையும் 89 விழுக்காடு குறைத்தது. வீட்டாருக்குத் தடுப்பாகக் கொடுத்தபோது 3.9 விழுக்காடு 2.6 ஆகக் குறைந்தாலும் அதை உறுதியான பலன் என்று சொல்ல முடியவில்லை. அந்த ஆய்வில் கலந்துகொண்டோரில் பெரும்பாலோருக்கு ஏற்கெனவே எதிர்ப்புத்திறன் இருந்ததால் நோயுற்றவர்களே குறைவு. குறைவான எண்ணில் வேறுபாடு தெரியாது. அதே நொதியைத் தடுக்கும் என்சிட்ரெல்விர், 2025இல் அறிவிக்கப்பட்ட முடிவுகளின்படி, வீட்டாரிடம் நோயை 9.0 விழுக்காட்டிலிருந்து 2.9 ஆகக் குறைத்தது. முதல் நோயாளிக்கு அறிகுறி தோன்றி 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்க வேண்டும் என்பது அந்த ஆய்வின் விதி.

காய்ச்சலும் சளியுமாக வரும் மற்ற வைரஸ்களில் இந்த அளவுக்கும் முன்னேற்றமில்லை. சாதாரணச் சளியை உண்டாக்கும் ரைனோவைரஸின் ஓட்டிலுள்ள பள்ளத்தில் புகுந்து அது உறை கழற்றாதபடி இறுக்கும் பிளெகொனரில், சளியை ஒரு நாள் குறைத்தது. ஆனால் கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுக்கும் என்பதால் 2002இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மறுத்துவிட்டது. தானே போய்விடும் நோய்க்கான மருந்துக்குச் சிறு பக்கவிளைவும் மன்னிக்கப்படாது. நோயில்லாத வீட்டாருக்குக் கொடுக்கும் மருந்துக்கு அந்த விதி இன்னும் கடுமையாகப் பொருந்தும். மெத்திசசோனின் வாந்தியைப் பெரியம்மையின் அச்சம் பொறுத்துக்கொள்ள வைத்தது. சளிக்காய்ச்சலுக்கு யாரும் அதைப் பொறுக்கமாட்டார்கள்.

2023 மார்ச் 10 அன்று, ஹெச்3என்2 இன்ஃபுளுயன்சா பரவிய வேளையில், தமிழ்நாடு அரசு ஒரே நாளில் 1,000 காய்ச்சல் முகாம்களை நடத்தியது. முகாமுக்கு வந்தவர் காய்ச்சல் கண்டவர். வீட்டிலிருந்து வராதவர்கள் அடுத்து நோயுறக்கூடியவர்கள். கிராம சுகாதாரச் செவிலியர் தம் பகுதியின் ஒவ்வொரு வீட்டையும் அறிந்தவர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்படி இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை ஏற்கெனவே வாசலுக்கே போகிறது. அதே ஆளும் அதே வழியும், கால் மணி நேரத்தில் இன்ஃபுளுயன்சாவைக் காட்டும் பரிசோதனை அட்டையும், வீட்டிலுள்ள முதியவர், கர்ப்பிணி, ஆஸ்துமாக்காரர் ஆகியோருக்கான ஓசெல்டாமிவிர் கேப்சூல்களும் ஒரே பையில் சேர்ந்தால், மல்லாங்கிணற்றிலோ திருச்சுழியிலோ ஒரு பருவத்தில் எத்தனை பேர் மருத்துவமனைக்குப் போகாமல் தப்புவர் என்பதை ஊர்களைக் குலுக்கிப் பிரித்து ஒப்பிட்டு அளந்துவிடலாம். அதற்குப் புதிய மூலக்கூறு எதுவும் தேவையில்லை. வடகிழக்குப் பருவமழையோடு காய்ச்சல் எழத் தொடங்கும் அக்டோபருக்கு முன் பைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும்.